எடை சாயும் இடம்

சென்னையில், ஊரூர் மீனவர் குப்பத்து மணலிலிருந்து எலியட்ஸ் கடற்கரைச் சாலை முதலாம் எண் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். வலை காயும் இடத்தில் தொடங்கி, கரையேற்றிய படகுகளுக்கு நடுவே நுழைந்து, எல்லையம்மன் கோயிலைத் தாண்டித் தார்ச்சாலை பிடித்தால், மரங்கள் சூழ்ந்த அந்த வளாகம் வரும். ‘ஸ்பேஸஸ்’ என்று பெயர். நடனக் கலைஞர் சந்திரலேகா பல்லாண்டுகள் வாழ்ந்த இடம். 2006 டிசம்பர் 30ஆம் தேதி அவர் மறைந்தார். கடைசியாக அவர் அமைத்த ஆட்டம் ‘சரீரா’, 2001இல். ஒரு பெண், ஓர் ஆண், வெறுந்தரை. கதை கிடையாது, நகை கிடையாது, முகபாவம் கிடையாது. இருவரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிக மெதுவாக அசைகிறார்கள்.

இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது நெடுநாள் நினைப்பு. ஆட்டத்தில் எனக்குப் பிடிபடாமல் போன சில விஷயங்கள் குப்பத்துக் கரையில் நடக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

*

முதலில் பெண் மட்டும்தான். தரையில் இருக்கிறாள். கால்கள் விரியத் தொடங்குகின்றன. அந்த வேகம் நம் கண்ணுக்குப் பழக்கமில்லாதது. அசைவது தெரியாது, அசைந்திருப்பது மட்டும் தெரியும். இமைத்துவிட்டுப் பார்த்தால் முழங்காலின் கோணம் வேறாக இருக்கும். கால்களும் தரையும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. அது அகன்றுகொண்டே போகிறது. முதல் சில நிமிடங்கள் எனக்குள் பதற்றம். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூச்சு கேட்டது. அவருக்கும் என்னுடையது கேட்டிருக்கும்.

அவள் தனியாக இருக்கிற அந்த நேரத்தைச் சந்திரலேகா சுருக்கவில்லை. ஆண் வரப்போகிறான் என்ற எதிர்பார்ப்பாகவும் அதை அமைக்கவில்லை. அவள் வாசலைப் பார்ப்பதில்லை, பெருமூச்சு விடுவதில்லை. தன் உடம்போடு இருக்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வருகிறான். களரியில் பழகிய உடம்பு, தாழ்ந்த இடுப்பு, தரையை விட்டுக்கொடுக்காத பாதம்.

பல ஆண்டுகள் இதை ஆடியவர்கள் திஷானி தோஷியும் ஷாஜி கே. ஜானும். திஷானி கவிஞர். சந்திரலேகாவிடம் வந்தபோது இருபத்தைந்து வயதைக் கடந்திருந்தார், சிறுவயதிலிருந்து சலங்கை கட்டி வளர்ந்தவரில்லை. அவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு 2006இல் இங்கிலாந்தின் ஃபார்வர்ட் பரிசு கிடைத்தது. ஷாஜி களரிப்பயட்டு வழி வந்தவர். இருவருக்கும் பொதுவாக ஓர் இலக்கணம் கிடையாது. அவள் உடம்புக்குத் தெரிந்தது அவன் உடம்புக்குத் தெரியாது. ஒரே குருகுலத்தில் ஒரே அடவைக் கற்ற இருவர் சேர்ந்து ஆடும்போது அந்தப் பாடமே இருவரையும் கட்டிவைத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நெருங்க வேண்டும்.

சந்திரலேகா மறைந்த பிறகும் அவர்கள் இதை ஆடினார்கள். ஓர் ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு உடம்புகளுக்கு வயதாகியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

*

நம் நடனத்துக்குப் பிரிவு நன்றாகத் தெரியும். வர்ணத்தில் நாயகி மேடையில் தனியாக நிற்கிறாள். தோழியிடம் பேசுகிறாள், தோழியும் அங்கே இல்லை. தலைவனை அழைத்து வரச் சொல்கிறாள், அவன் வருவதே இல்லை. முக்கால் மணி நேரம் அவனை நினைத்து நினைத்து, அவன் நிற்கும் விதம், பார்க்கும் விதம், கோபிக்கும் விதம் எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே உண்டாக்கிக் காட்டுகிறாள். நல்ல ஆட்டக்காரி ஆடினால் வராத அந்த ஆள் வந்தவர்களைவிட அதிகமாக அரங்கை நிறைத்துவிடுவான். இதைவிட நுட்பமான தனிமைக் கலை வேறெங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

திணைகளை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். குறிஞ்சிக்குப் புணர்தல். மற்ற நான்கில் பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருப்பு, நெய்தலுக்கு இரங்கல். மருதத்துக்கு ஊடல். ஐந்தில் ஒன்றுதான் சேர்க்கை. அதுவும் களவில், இரவில், யாருக்கும் தெரியாமல். ஆனால் மருதம் விசேஷமானது. அங்கே இருவரும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே முற்றம். அவள் கதவைத் திறக்க மறுக்கிறாள். கூட இருந்துகொண்டே தனியாக இருப்பதைத் தமிழ் அன்றைக்கே தனித் திணையாக வைத்துவிட்டது. அதை உடம்பால் எப்படி ஆடுவது என்பதை மட்டும் நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

இருவர் ஆடும் ஆட்டமே நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. ராஜா ராணி ஆட்டம் இருக்கிறது, குறவன் குறத்தி ஆட்டம் இருக்கிறது. பரதத்தில் வி.பி. தனஞ்ஜயனும் சாந்தா தனஞ்ஜயனும் கலாக்ஷேத்திராவிலிருந்து வந்து, 1968இல் அடையாறில் பரதகலாஞ்சலியைத் தொடங்கி, இணையாக ஆடுவதை ஒரு பெரிய மரபாகவே வளர்த்தார்கள். அவர்கள் சேர்ந்து எடுக்கும் தீர்மான அடவில் நான்கு கால்களும் ஒரே சத்தமாக விழும். அந்தப் பொருத்தத்தின் அழகே தனி. ‘சரீரா’ தேடியது வேறு. பொருந்தாத இரண்டு உடம்புகள் ஒரே தரையைப் பகிர்ந்துகொள்ளும்போது நடுவில் என்ன நடக்கிறது என்பதை அது தேடியது.

*

1952இல் சந்திரலேகாவின் அரங்கேற்றம். குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்த நிகழ்ச்சி. ‘மதுரா நகரிலோ’ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். யமுனையில் நீர் பெருகுகிறது, பெண்கள் நீரில் விளையாடுகிறார்கள், கைகளெல்லாம் தண்ணீர். நடுவில் திடீரென்று அவருக்குப் பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலத்தின் படங்கள் நினைவுக்கு வந்தன. தண்ணீர் இல்லாதவர்களுக்காகத் தண்ணீரை ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. அந்த முரண் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பின்னாளில் நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்து, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார்.

மேடை ஓரிடம், உலகம் வேறிடம் என்று பிரிந்து கிடந்ததை அவர் அன்றைக்கே தன் உடம்பில் உணர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கலைஞருக்கு வரும் தனிமைகளில் இது கொடியது. ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது வருவது.

*

குப்பத்தில் மாலை நேரம். இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து நண்டு வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வலை இருவர் மடியிலும் கிடந்தது. ஒருவர் இழுத்தால் மற்றவர் பக்கம் தளர வேண்டும், அவர் இழுத்தால் இவர் விட வேண்டும். ஒரு வார்த்தை பேச்சில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களாண்ணா?”

மூத்தவர் தலை தூக்கவில்லை. “கரையில பேசுவோம்மா. கடல்ல இன்னா பேச்சு? அவன் சாஞ்சான்னா எனக்குத் தெரியும்.”

இளையவர் சிரித்தார். வலை மறுபடி நகர்ந்தது.

சாய்ந்தால் தெரியும் என்பது கட்டுமரத்தின் பாடம். கட்டுமரத்துக்குக் குழி கிடையாது, விளிம்பு கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்த தளம், அதன்மேல் இரண்டு மூன்று பேர், கால்களுக்கு நடுவே கடல் ஏறி இறங்கும். ஒருவர் வலையை இழுக்கச் சாயும்போது மற்றவர் எடையை எதிர்ப்பக்கம் வைத்தாக வேண்டும். யோசித்துச் செய்ய நேரமில்லை. இப்போது அநேகமாக எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். ஒருவர் இன்ஜினைப் பார்க்க, மற்றவர் வலையைப் பார்க்க, எடைக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த பாரம்பரிய மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் கரையையும் நாள்தோறும் கவனித்துக் குறித்துவைத்தவர். கடலை நம்பிப் பிழைப்பவருக்கு இது படிப்பு. வாடை வந்தால் ஒரு முடிவு, கொண்டல் வந்தால் வேறு முடிவு. நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே போகிறதா, வடக்கேயிருந்து தெற்கே போகிறதா என்பதைப் பொறுத்து வலை விழும் இடமே மாறும். கடலுக்கு முன்னால் மனிதர் தனி ஆள்தான். ஆனால் கடலில் தனியாகப் பிழைக்க முடியாது. அந்த இரண்டு உண்மைகளையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு விடியலுக்கு முன்பே புறப்படுகிறார்கள்.

‘சரீரா’வில் ஓர் உடம்பு இன்னோர் உடம்பின்மேல் சாயும் கணங்கள் உண்டு. முன்பெல்லாம் அவற்றைக் காதலின் படமாகப் பார்த்தேன். அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு எடையாகப் பார்க்கிறேன். தன் எடை எவ்வளவு என்று அறிந்த பெண். அதை எங்கே எப்போது வைப்பது என்று முடிவு செய்பவளும் அவளே. வாங்கிக்கொள்கிற ஆண் அதை உரிமையாக எடுத்துக்கொள்வதில்லை, இரவல் பொருளைப் போலக் கவனமாக வைத்திருந்து திருப்பித் தருகிறான். அவள் தனியாக இருந்த அந்த முதல் நேரம் எதற்கு என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தனியாக நிற்கத் தெரியாத உடம்பு சாய்ந்தால் மற்றவரையும் சேர்த்துத் தள்ளிவிடும். கட்டுமரத்தில் அதற்கு விலை உயிர்.

*

கரைவலை. இந்தப் பக்கத்தில் பெரிய வலை என்றும் சொல்வார்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் ஒரு கூட்டத்திடம் இருக்கும். படகு மறுமுனையோடு கடலுக்குள் போய், வலையை வளைவாக விட்டுக்கொண்டே சுற்றித் தொலைவில் வேறோர் இடத்தில் கரையேறும். அங்கே இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வெறும் மணல், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இழுக்கத் தொடங்குகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வலை தண்ணீருக்கடியில் இரு கூட்டத்தையும் சேர்த்திருக்கிறது. ஒரு பக்கம் அவசரப்பட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் ஒதுங்கி ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தின் இழுவையைக் கயிற்றில் கேட்டபடியே இழுக்க வேண்டும். வலை நெருங்க நெருங்கக் கூட்டங்களும் கரையோடு நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் மடி கரையேறும்போது தோளோடு தோள் உரச எல்லாரும் ஒரே வட்டம். அதற்கு நெடுநேரம் ஆகும்.

ஆள் நிறையத் தேவைப்படுவதாலும், கரையில் அதற்கான இடம் குறைந்துவிட்டதாலும் இந்த வலை இப்போது நகரத்துக் கரையில் அரிது. மேடையில் நான் பார்த்த எந்த இருவர் ஆட்டத்தையும்விட இதில் நெருங்குவதன் இலக்கணம் முழுமையாக இருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தை அமைக்க நினைக்கும் இளைஞர்கள் யாராவது என்னிடம் கேட்டால், ஒத்திகை அறைக்குப் போவதற்கு முன்னால் கரைவலை இழுக்கும் ஓர் ஊரைத் தேடிப்போய்க் கயிறு பிடித்துப் பாருங்கள் என்பேன்.

*

‘சரீரா’வுக்கு இசை குந்தேச்சா சகோதரர்களின் துருபத். உமாகாந்த், ரமாகாந்த் இருவரும் பாட, தம்பி அகிலேஷ் பக்வாஜ். ஆலாபனையில் ஒரு குரல் ஒரு சுரத்தில் ஊன்றி நிற்கும்போது மற்றது மெல்ல விலகி மேலே போகும். போன குரல் திரும்பிவந்து நின்ற குரலில் சேரும் இடம் எது என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் ரமாகாந்த் காலமானார். அவர்கள் இருவரும் பாடிய பதிவுகளை இப்போது கேட்கும்போது, எது போன குரல், எது இருக்கிற குரல் என்று காது தேடுகிறது. கிடைப்பதில்லை.

*

தொலைவில், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், பீனா பௌஷ் 1978இல் ‘கஃபே ம்யுல்லர்’ அமைத்தார். அதில் ஒரு காட்சி. ஒரு பெண்ணும் ஆணும் இறுகத் தழுவி நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து அவர்களைப் பிரித்து, கைகளை வேறு மாதிரி வைத்து, முகங்களை ஒட்டவைத்து, பெண்ணைத் தூக்கி ஆணின் கைகளில் கிடத்திவிட்டுப் போகிறார். ஆணின் கைகளில் பலம் தங்கவில்லை. அவள் கீழே விழுகிறாள். உடனே துள்ளி எழுந்து மறுபடி தழுவுகிறாள். மூன்றாமவர் திரும்பி வருகிறார். மறுபடி, மறுபடி, வேகம் கூடிக்கொண்டே போகிறது. பின்னால் அவர் வராமலே அவர்கள் அதைச் செய்துகொள்கிறார்கள்.

அந்த மூன்றாமவரை நமக்குத் தெரியும். எப்படிச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கைகளை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர். கல்யாண மண்டபத்தில் ஃபோட்டோவுக்கு நிறுத்துகிறவரிலிருந்து, சாதி பார்த்து ஜோடி சேர்க்கிறவர்வரை எல்லாரும் அவர்தான். பௌஷின் ஆட்டம் வலிக்கிறது, வலியை அவர் கொஞ்சமும் குறைத்துக் காட்டவில்லை. சந்திரலேகா அந்த மூன்றாமவரை மேடைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். இருவரும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்களோ அவ்வளவு நேரம். அவசரப்படுத்த ஆளில்லை. அந்த நிதானத்தை நான் ஒரு போராட்டமாகவே பார்க்கிறேன்.

*

தை, மாசி, பங்குனி. இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் வரும் காலம். மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988இலிருந்து இங்கே இரவு நடை போகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் தடம் தேடி நடப்பார்கள்.

ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் இதே ஆமைகள் ஆயிரமாயிரமாக ஒரே இரவில் கரையேறும். சென்னைக்கு வருபவை தனித்தனியாக வருகின்றன. ஒரே இனம், ஒரே கடல். ஏன் அங்கே கூட்டம், இங்கே தனி என்று கேட்டுக்கொண்டு நிற்கலாம். தாய் ஆமை அலை நனைக்காத மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலும் இட்டு, குழியை மூடும். மூடிய பிறகு அது செய்வதைப் பார்த்தவர்கள் ஆட்டம் என்றே சொல்கிறார்கள். உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து, மார்போட்டால் மணலைத் தட்டித் தட்டி இறுக்குகிறது. எதிரில் ஒருவரும் இல்லை. பாதுகாக்கப்படுபவை மண்ணுக்கடியில். ஆடி முடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது.

ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் மேலே வருவது சேர்ந்துதான். ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பது அசையும், மேலே இருப்பவை மணலைச் சரிக்க, கீழே இருப்பவை அதை மிதித்து உயரும். ஒரு குஞ்சு தனியாக அந்த ஆழத்திலிருந்து ஏறி வருவது மிகக் கடினம். தண்ணீரைத் தொட்ட கணத்தில் ஒவ்வொன்றும் தனி.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இவை செத்து ஒதுங்கின. இழுவைப் படகுகளின் வலைக்குள் மூச்சுத் திணறிச் சாவதுதான் பெரும்பாலும் காரணம். கடலாமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வீங்கிய கண்களோடு கிடந்த உடம்புகளைக் கடந்து நடந்த நாட்களில் எனக்கு எந்த ஆட்டமும் நினைவுக்கு வரவில்லை.

*

ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற பெயரில் ஒல்காட் எப்படி ஒட்டியது என்பதும் சேர்ந்திருத்தலின் கதைதான். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட், 1882இன் கடைசியில் சபையின் தலைமையிடத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தார். 1894இல் தீண்டாமைக்கு ஆளான குழந்தைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பக்கத்துத் தோட்டத்தில்தான் 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவுக்கு விதை போட்டார். நாட்டியம் ஒரு பக்கம், மீன்பாடு ஒரு பக்கம், நடுவில் வேலி. இரண்டும் பல தலைமுறைகளாக ஒரே கடற்காற்றை வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று பாராமல் இருந்தன.

2015 பிப்ரவரி இறுதியில் ஊரூர் ஒல்காட் குப்பம் விழா முதன்முதலாக நடந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன், குப்பத்தைச் சேர்ந்த கே. சரவணன் ஆகியோரும் ஊர்மக்களும் பல தன்னார்வலர்களும் சேர்ந்து செய்தது. பரதமும் பறையும் கர்நாடக இசையும் ஒரே மேடையில். சபாவுக்குப் பட்டுப்புடவையில் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள் முன்வரிசை. பின்னால் இந்த விழா நகரின் பிற இடங்களுக்கும் விரிந்து, சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது.

ஒரு மாலையில் என்ன மாறிவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயம். மறுநாள் காலையில் அவரவர் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள்தான். ஆனாலும் யார் யாருடைய இடத்துக்கு வந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரைக்கும் குப்பம்தான் நகரத்தின் வாசலுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நகரம் வந்தது. வந்து, உட்கார இடம் எது என்று கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது உடம்பு கொஞ்சம் குனியும். இருவர் ஆட்டத்தில் நான் தேடுவதும் அந்தக் குனிவைத்தான்.

குப்பத்துக்கு வடக்கே அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலம். 1967இல் கட்டியது, 1977 வெள்ளத்தில் நடுப்பகுதி போனது. பட்டினப்பாக்கம் பக்கத்துக்கு இந்த மீனவர்கள் கால்நடையாகவே போய்வந்த வழி அது. இப்போது ஜோடிகள் வந்து முனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்தில் அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பதுதான் இதில் பெரிய துயரம். சேர்ந்து உட்கார ஒரு சுவர்கூடக் கொடுக்காத ஊர் இது.

*

‘சரீரா’ போன்ற ஓர் ஆட்டத்தைக் குப்பத்து மணலில் ஆட வேண்டும் என்பது என் ஆசை. விளையாட்டாகச் சொல்லவில்லை, எப்படிச் செய்யலாம் என்று யோசித்தும் வைத்திருக்கிறேன்.

மணல் முதல் சிக்கல். மரத்தரை எடையைத் திருப்பித் தரும், மணல் விழுங்கிக்கொள்ளும். ஒற்றைக் காலில் மெதுவாகச் சுழல முடியாது. அலை நனைத்து இறுகிய ஈர மணலில்தான் ஆட முடியும், அதற்கு நீர் வாங்கியிருக்கும் நேரம் தெரிய வேண்டும். அதைக் குப்பத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆடுகிறவர்களில் ஒருவராவது இந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் நல்லது. படகின் ஆட்டத்தில் நின்று பழகிய கால்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

உடம்பை இவ்வளவு வெளிப்படையாக வைக்கும் ஆட்டத்தை ஊர் ஏற்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மீன் விற்கும் பெண்களிடம் முதலில் பேச வேண்டும். உடம்பின் உழைப்பும் களைப்பும் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அரங்குக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு எது வேண்டும் என்று சொல்வார்களே, அதைக் கேட்கலாம்.

மாசியில் வைக்கலாம். வாடை தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கூடையை இறக்கிவைத்துவிட்டு, வீட்டுச் சமையல் முடித்துப் பெண்கள் வந்து உட்கார இரவு எட்டு மணியாவது ஆகும். அதற்கு முன் தொடங்கக் கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம், அலைச்சத்தத்துக்கு மேலே மூச்சு கேட்க வேண்டுமானால் பார்வையாளர் வட்டம் சிறியதாக இருந்தாக வேண்டும். விளக்கு விஷயத்தில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாசியில் ஆமைக் குஞ்சுகள் வெளிவரத் தொடங்கியிருக்கும், கரையில் வெளிச்சம் தெரிந்தால் அதைக் கடல் என்று நினைத்து நேர் எதிர்த்திசையில் நகரத்துக்குள் போய்விடும். அதனால் நிலா பெரிதாக இருக்கும் நாளாகப் பார்க்க வேண்டும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குக் கூட்டம் கரையை நிறைத்துவிடும். அதற்கு இரண்டு நாள் முன்பு சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.